இரண்டாவது ஊசி

“மறுபடியும் குத்தணுமாப்பா?” என்று சித்தி என்னிடம் கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த மருத்துவரிடம் அவர் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தச் சோதனை எழுதிக்கொடுத்தாலும் அந்தச் சீட்டு முதலில் என் கைக்குத்தான் வரும். திசு எடுக்கும் ஊசிகளை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறவன் என்பதால், ‘சதை எடுத்து டெஸ்ட் பண்ணுவது’ குறித்து நான் சொல்வதே முடிவான சொல் என்று அவர்கள் நம்புகிறார்கள். சித்தியின் கேள்விக்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. முதல் ஊசி தவறவில்லை. சரியான கட்டியிலிருந்து, போதிய நீளத்தில், உடையாமல் மூன்று துண்டுகள் கிடைத்திருந்தன. ஆனால் மூன்றும் ஒரே புட்டியில், திசுவைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போடப்பட்டுவிட்டதால், இப்போது தேவைப்படும் சோதனைக்கு அவற்றில் ஒன்றுகூட உதவாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “ஆமா சித்தி, இன்னும் ஒரே ஒரு தடவை” என்று மட்டும் சொன்னேன்.

சித்திக்கு அப்போது 58 வயது. கழுத்தின் இடப்பக்கம் நெறி கட்டி இரண்டு மாதமாகியும் கரையவில்லை. மாலையானால் லேசான காய்ச்சல் வந்தது, எடையும் குறைந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் காசநோய்க்கு முழுமையாக மருந்து சாப்பிட்டவர் என்பதால், நோய் திரும்பியிருக்கிறதா, அல்லது நிணநீர்க் கணுவில் தோன்றும் புற்றுநோயான லிம்ஃபோமாவா என்ற இரண்டு ஐயங்கள் மருத்துவருக்கு இருந்தன. இந்த இரண்டு நோய்களுமே நுண்ணோக்கிக்கு ஃபார்மலினில் இட்ட திசுவைக் கேட்கும். கூடவே ஃபார்மலின் படாத பச்சைத் திசுவையும் கேட்கும். காசநோய் என்றால் கிருமியை வளர்த்துப் பார்க்கவும் மரபணுச் சோதனைக்கும் பச்சைத் திசு வேண்டும். லிம்ஃபோமா என்றால் உயிருள்ள செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகைப்படுத்தும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அது வேண்டும். முதல் ஊசியின் அறிக்கையில், திசு நசிந்த கிரானுலோமா, அதாவது தொற்று போன்றவற்றைச் சூழ்ந்து உடல் உருவாக்கும் செல் திரள், இருப்பதாகவும் சிறப்புச் சாயத்தில் கிருமிகள் தென்படவில்லை என்றும் எழுதியிருந்தது. காசநோயாகத்தான் இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை மருந்து சாப்பிட்டவருக்குக் காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்று தெரியாமல் சிகிச்சையைத் தொடங்க அவருக்கு மனமில்லை. கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினை எதிர்க்கிறதா என்ற இரண்டையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும் மரபணுச் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010-இலேயே பரிந்துரைத்துவிட்டது. அதற்கான இயந்திரம் அதே ஊரில், அந்த மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்தது. அதற்குள் வைப்பதற்கான திசுதான் எங்களிடம் இல்லை.

ஃபார்மலினைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, செல் உயிரோடு இருந்தபோது எந்த வடிவில் இருந்ததோ கிட்டத்தட்ட அதே வடிவில் அதை நிறுத்திவைப்பது அந்தத் திரவம்தான். அது இல்லாமல் இன்றைய நோய்க்குறியியல் இல்லை. ஆனால் அந்தப் பிணைப்பு ஒருவழிப் பாதை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட ஊசித் துண்டுக்குள் ஃபார்மலின் வெகுவிரைவில் புகுந்துவிடும். கிருமி செத்துவிடுவதால் அதை வளர்க்க முடியாது. மரபணு இழைகள் சிதைந்துபோவதால் அவற்றைப் படிப்பதும் கடினமாகிறது. புட்டிக்குள் துண்டு விழுகிற அந்த ஒரு நொடியில் அதன் எதிர்காலங்களில் பாதி மூடப்பட்டுவிடுகின்றன.

ஒரே கைப்பிடி, பல உறுப்புகள்

இந்த நிகழ்ச்சி என்னை இவ்வளவு உறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்தியின் கழுத்தில் குத்தியது எங்கள் நிறுவனத்தின் ஊசி. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகளாக எங்கள் குழுவுக்கு இடப்பட்டிருந்த பணி, பல உறுப்புகளுக்கும் பலவகைக் கட்டிகளுக்கும் பொருந்தக்கூடிய ஒரே பயாப்ஸி கன்னை, அதாவது திசு எடுக்கும் ஊசியைப் பாய்ச்சும் கைக்கருவியை, உருவாக்குவது. உரிமம் கிடைத்தபின் அதை முதலில் வாங்கிய மருத்துவமனைகளில் ஒன்றுக்குத்தான் சித்தியை அழைத்துப்போனேன். அந்த மருத்துவரின் கையையும் எங்கள் கருவியையும் நான் நம்பினேன்.

பயாப்ஸி கன்னின் வேலை கேட்பதற்கு எளிது. உள்ளே ஒரு கெட்டியான ஊசி. அதன் நுனிக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் செதுக்கிய ஒரு பள்ளம். வெளியே கூர்விளிம்புள்ள ஒரு குழாய். பொத்தானை அழுத்தியதும் சுருள்வில் விடுபட்டு உள் ஊசி முன்னே பாய்கிறது. சுற்றியிருக்கும் திசு பள்ளத்துக்குள் பிதுங்கி விழுகிறது. அடுத்த கணமே வெளிக்குழாய் அதன்மேல் பாய்ந்து வெட்டி மூடுகிறது. வழக்கமான பாய்ச்சல் 22 மில்லிமீட்டர். தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூட ஊசி மெலியும். மார்பகத்துக்கு ஏறத்தாழ 2.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள 14, சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் 16 அல்லது 18, புரோஸ்டேட்டுக்கு 18 என்பது பொதுவான வழக்கம். கழுத்துக் கணுவில் சிக்கல் வேறு. தலைக்குப் போகும் பெரிய தமனியும் கழுத்துச் சிரையும் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஒன்றரை சென்டிமீட்டர் கணுவுக்குள் 22 மில்லிமீட்டர் பாயும் ஊசியை விடுவதற்கு எந்த மருத்துவரும் தயங்குவார். ஆகவே ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வகை ஊசி என்று அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. பெரிய மருத்துவமனைகளுக்கு அது சுமையல்ல. மாதத்துக்கு ஐந்தாறு பயாப்ஸி மட்டும் நடக்கும் இடத்தில், அரிதாகப் பயன்படும் அளவுகள் பெட்டி பிரிக்கப்படாமலே காலாவதியாகின்றன; கையில் இருப்பதை வைத்தே எல்லாக் கட்டிகளையும் குத்த வேண்டிய நிலை வருகிறது.

அதனால்தான் ஒரே கைப்பிடியில் 14 முதல் 20 வரை எல்லா ஊசிகளும் பொருந்த வேண்டும், பாய்ச்சலை 11 அல்லது 22 என்று மாற்றிக்கொள்ள முடிய வேண்டும், உள் ஊசியைக் கையாலேயே மெதுவாகச் செலுத்திப் பள்ளம் எங்கே நிற்கிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு வெட்டுக்குழாயை மட்டும் விடுவிக்கும் வசதியும் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தோம். இந்த இலக்கை இன்றும் நான் மதிக்கிறேன். அதை அடைவது சுலபமாகவும் இருக்கவில்லை. நார்த்தன்மை மிகுந்த மார்பகக் கட்டியைத் துளைக்கப் போதுமான சுருள்வில், மெல்லிய 20 கேஜ் ஊசியை வளைத்துவிடும். மெல்லிய ஊசிக்கு ஏற்ற சுருள்வில், கெட்டித் திசுவுக்குள் வேகம் இழந்து, வெட்டாமல் நசுக்கும். பாய்ச்சலை மாற்றும் ஒவ்வொரு பாகமும் கைப்பிடிக்குள் இரத்தம் புகுந்து உலரக்கூடிய ஒரு இடுக்கையும் கூடவே கொண்டுவரும். கழுவ முடியாத கைப்பிடியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. இவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்த்தோம். சித்தியின் கணுவில் மருத்துவர் 11 மில்லிமீட்டர் பாய்ச்சலைத் தேர்ந்தெடுத்தார். மூன்று முறையும் துண்டு முழுதாக வந்தது என்று வெளியே வந்து சொன்னபோது நான் அடைந்த பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

சுவரொட்டி

இரண்டாவது முறை ஊசி போடும் நாளில், தன் கையைப் பிடித்துக்கொள்ள நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சித்தி கேட்டார். மருத்துவர் என்னை உள்ளே அனுமதித்தார். எத்தனையோ சிகிச்சை அறைகளுக்குள் போயிருக்கிறேன். ஆனால் எப்போதும் என் கண் கருவியின்மேலும் அதைப் பிடித்திருக்கும் கையின்மேலும்தான் இருக்கும். அன்று கட்டிலின் மறுபக்கம், சித்தியின் தலைமாட்டில் நின்றதால், வழக்கமாக எனக்கு முதுகுப்புறம் இருக்கும் சுவர் கண்ணெதிரே இருந்தது. எஃகுத் தள்ளுமேசைக்கு மேலே, பிளாஸ்டிக் உறையிட்டு, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்தேன். எங்கள் கருவியின் பயன்பாட்டு விளக்கம் அது. எட்டுப் படங்கள். எட்டையும் வரைந்தவன் நான்.

முதல் ஏழு படங்களுக்காக வாரக்கணக்கில் உழைத்திருந்தேன். சுருள்வில்லை இழுப்பது, பாய்ச்சலைத் தேர்வது, விரலை எங்கே வைப்பது, ஊசியின் கோணம் என்ன என்று ஒவ்வொன்றையும் செவிலியர்களிடம் காட்டி, புரியவில்லை என்றால் அழித்து, மீண்டும் வரைந்தேன். எட்டாவது படத்தில் ஊசியின் பள்ளம் ஒரு புட்டிக்குள் தோய்ந்திருக்கிறது. புட்டியின்மேல் ‘ஃபார்மலின்’ என்று எழுதியிருக்கிறது. கீழே ‘சரி’ என்று ஒரு பச்சைக் குறி. பழைய விளக்கத்தாள்களில் இருந்ததைப் பார்த்து, ஒரு மதிய உணவு இடைவேளைக்கு முன் அரை மணி நேரத்தில் வரைந்தது அது. அதை வடிவமைப்பின் ஒரு பகுதி என்று நான் நினைக்கவே இல்லை. கருவியின் வேலை முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் முற்றுப்புள்ளியாகத்தான் அதை வரைந்திருந்தேன். முதல் முறை மூன்று துண்டுகளையும் ஃபார்மலினில் போட்ட செவிலியர், சுவரில் இருந்த என் படத்தை அப்படியே பின்பற்றியிருந்தார்.

அன்று இரண்டு புட்டிகள் தயாராக இருந்தன; ஒன்றில் சலைன் எனும் உப்புநீர், மற்றொன்றில் ஃபார்மலின். “ரெண்டு சலைன்ல, ஒண்ணு ஃபார்மலின்ல” என்றார் மருத்துவர். முதல் துண்டு வந்தது. அது பள்ளத்தை விட்டு வெளியே வர மறுத்தது. செவிலியர் ஊசியைச் சலைனுக்குள் விட்டு ஆட்டினார், வரவில்லை. சாதாரண ஊசி ஒன்றின் முனையால் மெதுவாகச் சுரண்டினார். துண்டு இரண்டாக ஒடிந்தது. ஒரு பாதி நீரில் விழுந்தது. மறுபாதி கையுறையில் ஒட்டிக்கொண்டது. அதையும் பொறுமையாக எடுத்து நீரில் சேர்த்தார். பிறகு ஊசியை இன்னொரு கிண்ணத்தில் இருந்த சுத்தமான சலைனில் அலசிவிட்டு மருத்துவரிடம் நீட்டினார். எதற்கு அந்த அலசல் என்று பிறகு கேட்டேன். “ஃபார்மலின்ல தொட்ட ஊசியைத் திரும்ப உடம்புக்குள்ள விடக் கூடாதே சார், அதனால எப்பவும் அலசிடுவோம். அது நாங்களா பண்றது, படத்துல இல்ல” என்றார்.

அந்தக் கடைசிச் சொற்கள் என்னை நிலைகுலைய வைத்தன. ஒரே கட்டியில் மூன்று நான்கு முறை குத்துவதுதான் வழக்கம் என்பது எனக்குத் தெரியும். முதல் துண்டை எடுத்த ஊசிதான் இரண்டாவது துண்டுக்கும் உள்ளே போகும் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும், ஊசியை ஃபார்மலினுக்குள் தோய்க்கும் படத்தை வரைந்து, பச்சைக் குறியிட்டு அனுப்பியிருந்தேன். என் படத்தில் இருந்த ஆபத்தை, யாரும் சொல்லாமலே, அந்தச் செவிலியரும் அவரைப் போன்றவர்களும் தங்கள் கைப்பழக்கத்தால் நாள்தோறும் திருத்திக்கொண்டிருந்தார்கள். கருவி எத்தனை உறுப்புகளுக்குப் பொருந்தும் என்று எண்ணிக்கொண்டிருந்த நான், அது எடுத்துத்தரும் துண்டு எத்தனை கேள்விகளுக்கு விடை சொல்லும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. பல்பயன் என்ற சொல்லைக் கையின் பக்கத்திலிருந்து மட்டுமே அளந்திருந்தோம். திசுவின் பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கள் கருவிக்கு ஒரே ஒரு பயன்தான் இருந்தது. அதைத் தீர்மானித்தது அந்த எட்டாவது படம்.

பழைய ஊசிகளிடம் போனேன்

அதன்பின் சில மாதங்கள், பழைய ஊசிகளைப் பற்றி ஒரே கேள்வியோடு படித்தேன்: வெட்டிய பிறகு திசு என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா? பயாப்ஸி என்ற சொல்லை 1879-இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் எர்னஸ்ட் பெனியே வழக்குக்குக் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கினால் இந்த வரலாறு நீண்டுவிடும். என்னை நிறுத்திய ஊசிகள் இரண்டுதான்.

முதலாவது, இத்தாலிய மருத்துவர் மெங்கினி 1958-இல் விவரித்த கல்லீரல் ஊசி. கல்லீரலுக்குள் அது இருப்பது ஏறக்குறைய ஒரு விநாடிதான் என்பதால் ‘ஒரு விநாடி ஊசி’ என்று புகழ்பெற்றது. மாணவர்களுக்கு இன்றும் அந்த வேகத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அந்த ஊசியின் குழாய்க்குள் மொட்டைமுனையுள்ள ஒரு சிறு ஆணி உண்டு. சிரிஞ்சால் உறிஞ்சும்போது வெட்டுண்ட துண்டு குழாய் வழியே பாய்ந்து சிரிஞ்சுக்குள் போய்ச் சிதறிவிடாமல், அந்த ஆணி அதைத் தடுத்து நிறுத்துகிறது. நீர் மட்டும் அதன் பக்கவாட்டில் கடந்துபோகும். நோயாளிக்கோ மருத்துவரின் கைக்கோ அந்த ஆணியால் எந்த வசதியும் இல்லை. அது முழுக்க முழுக்கத் திசுவுக்காக வைக்கப்பட்டது.

இரண்டாவது, 1971-இல் ஜம்ஷீதி வெளியிட்ட எலும்பு மஜ்ஜை ஊசி. அதன் வாய் குழாயைவிடச் சற்றுக் குறுகலானது. குறுகிய வாய் வழியாக வெட்டுண்டு உள்ளே வரும் மஜ்ஜைத் துண்டு, அகன்ற குழாய்க்குள் எதன்மீதும் உரசாமல் தளர்வாகக் கிடக்கும். வெளியே எடுக்கும்போதும் நுனி வழியாகத் தள்ளக் கூடாது. பின்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். வந்த குறுகிய வழியிலேயே திருப்பித் தள்ளினால் செல்கள் நசுங்கிவிடும் என்பதுதான் காரணம். குழாயின் விட்டத்தில் ஒரு சிறு வேறுபாடு, வெளியேற்றும் திசையில் ஒரு மாற்றம். இரண்டும் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்க்கப்போகிறவரை நினைத்துச் செய்யப்பட்டவை.

சுருள்வில்லால் பாயும் தானியங்கி ஊசியை ஸ்வீடனின் கதிரியக்க மருத்துவர் லிண்ட்கிரென் 1982-இல் அறிமுகப்படுத்தினார். அதனால் மருத்துவரின் ஒரு கை முழுதாக விடுபட்டது. அந்தக் கையில் அல்ட்ராசவுண்டு கருவியைப் பிடித்து, ஊசி போகும் வழியைப் பார்த்தபடியே மறுகையால் குத்த முடிந்தது. எத்தனையோ அறுவைச் சிகிச்சைகளைத் தேவையற்றதாக்கிய பெரிய முன்னேற்றம் இது. ஆனால் அதற்குப் பிறகு வந்த என்னைப் போன்ற வடிவமைப்பாளர்கள், கைக்கு மேலும் மேலும் வசதி சேர்ப்பதிலேயே நின்றுவிட்டோம் என்பது என் கருத்து. 1990-களின் நடுவில் மார்பகத்துக்காக வந்த வெற்றிட உறிஞ்சு ஊசி இதற்கு ஒரு நல்ல விலக்கு. ஊசி உள்ளேயே இருக்க, வெட்டுண்ட துண்டுகள் மட்டும் உறிஞ்சப்பட்டு வெளியே வந்து சேர்கின்றன. அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். நான் மேலே சொன்ன, மாதத்துக்கு ஐந்தாறு பயாப்ஸி நடக்கும் மருத்துவமனைக்கு அது கட்டுப்படியாகாது.

மேசையின் மறுபக்கம்

படித்தது போதாமல், தெரிந்த ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் அனுமதி கேட்டு ஒரு வாரம் போய் உட்கார்ந்தேன். 25 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே திசுக்களைப் பிரித்து அடுக்கும் ஆய்வகப் பணியாளர் ஒருவர், முதல் நாளே என் முன்னால் ஒரு புட்டியைத் தூக்கிப் பிடித்து, “இதுல மிதக்கிறது நாலு துண்டா, ஒரே துண்டு நாலா உடைஞ்சதான்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கட்டியின் எந்த இடத்திலிருந்து எடுத்தது, எந்த முனை ஆழத்தில் இருந்தது என்ற செய்திகள் எல்லாம் புட்டிக்குள் விழுந்ததும் கரைந்துபோகின்றன. பஞ்சுத்துணியில் துடைத்து எடுத்த துண்டுகளை அவர் காட்டினார். துணியின் நூலிழைகள் திசுவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. சுரண்டி எடுத்த நிணநீர்க் கணுவின் படத்தை நுண்ணோக்கியில் காட்டினார். செல்கள் இழுபட்டு, கரிக்கோடுகள்போல் தீற்றலாகக் கிடந்தன. நிணநீர்ச் செல்கள் மிக மென்மையானவை, சிறு அழுத்தத்துக்கே இப்படி ஆகிவிடும் என்றார். அந்தத் தீற்றலை வைத்து லிம்ஃபோமா உண்டா இல்லையா என்று ஒரு மருத்துவர் முடிவு சொல்ல வேண்டும்.

சிறுநீரகத் திசு வரும் நாளில் அவர் இன்னும் கவனமாக இருந்தார். ஒரு பகுதி ஃபார்மலினுக்கு, ஒரு பகுதி ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனைக்கு, ஒரு துணுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். மூன்றுக்கும் வெவ்வேறு திரவம். மூன்றிலும் வடிகட்டும் முடிச்சுகள் இருந்தாக வேண்டும். சிறுநீரக மருத்துவத்தில் இந்தப் பிரிப்பு ஊசியைத் தொடுவதற்கு முன்பே திட்டமிடப்படுகிறது. கழுத்துக் கணுவுக்கு அப்படி ஒரு பழக்கம் எல்லா இடத்திலும் வேரூன்றவில்லை. காலத்தைப் பற்றியும் அவரிடம்தான் கற்றேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஏற்பிகளைப் பார்க்க வேண்டுமென்றால் திசு குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஃபார்மலினில் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் எடுத்த துண்டு, விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமை மதியம் வந்து சேர்ந்தால் அந்த எல்லை தாண்டிவிடுகிறது. எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று புட்டியில் எழுதியிருந்தால்தானே அதுவாவது தெரியும் என்று அவர் ஆதங்கப்பட்டார்.

அங்கிருந்து திரும்பிய மறுநாள் காலை இறைச்சிக் கடைக்குப் போனேன். ஊசிகளைச் சோதிக்க நாங்கள் வழக்கமாக ஜெலட்டினையும் ஆட்டு ஈரலையும் பயன்படுத்துவோம். இரண்டும் சமர்த்தான பொருள்கள். வெட்டினால் நல்ல துண்டாக வரும், பள்ளத்திலிருந்து எளிதாக நழுவும். இந்த முறை ஆட்டு மண்ணீரலைக் கேட்டு வாங்கினேன். நிணநீர்த் திசுவுக்கு மிக நெருங்கிய உறுப்பு அது. மென்மையானது, இரத்தம் நிறைந்தது. சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கடைகளில் அதற்குச் சுவரொட்டி என்றே பெயர். நான் வரைந்து சுவரில் ஒட்டப்பட்ட தாளும் அந்த இறைச்சியும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வதை அன்று காலையில்தான் உணர்ந்தேன். எங்கள் பள்ளத்திலும் அது பெயருக்கேற்ப ஒட்டிக்கொண்டது. பள்ளத்தின் தளத்தை மெருகேற்றிப் பார்த்தோம். துண்டு எளிதாக வெளியே வந்தது; ஆனால் வெட்டும்போதே நழுவியதால் நீளம் குறைந்தது. சற்றுச் சொரசொரப்பாக்கினால் முழு நீளம் கிடைத்தது, பிரிக்கும்போது கிழிந்தது. உலோகத்தில் இதற்கு விடை இல்லை என்று புரிந்துகொள்ள ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின.

கடைசியில் விடை ஈரமான வடிதாள் துண்டில் கிடைத்தது. சலைனில் நனைத்த மெல்லிய வடிதாள் பட்டையின்மேல் பள்ளத்தைக் கவிழ்த்து மெதுவாக உருட்டினால், எஃகைவிட ஈரத்தாளையே திசு அதிகமாகப் பற்றிக்கொள்கிறது. சுரண்டாமலே, நீண்ட ஒரே துண்டாகத் தாளுக்கு மாறிவிடுகிறது. ஊசி எந்தத் திரவத்தையும் தொட வேண்டியதில்லை. துண்டு எந்த முனையில் தொடங்கியது என்று பட்டையில் ஓர் அம்புக்குறி காட்டும். ஒவ்வொரு குத்தலுக்கும் ஒரு பட்டை என்பதால் நான்கு துண்டா, ஒரு துண்டு நான்கானதா என்ற கேள்வி எழாது. தேவையென்றால் பட்டையோடு சேர்த்துக் கத்தரியால் இரண்டாக நறுக்கி ஒரு பாதியைச் சலைனுக்கும் மறுபாதியை ஃபார்மலினுக்கும் அனுப்பலாம். இந்தப் பட்டைகளையும் மூன்று குழிகளையும் கொண்ட ஒரு சிறு தட்டை ஊசியோடு ஒரே உறையில் வைக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. ஃபார்மலின் குழிக்கு மட்டும் தனி மூடி. எல்லாக் குத்தல்களும் முடிந்த பிறகே அதைத் திறக்க வேண்டும்.

இது கருவியின் அம்சம் அல்ல, ஆய்வகத்தின் வேலை என்று எங்கள் குழுவில் மூத்த பொறியாளர் ஒருவர் மறுத்தார். விலை கூடும் என்றார்; கொள்முதல் செய்பவர்கள் அளவுகளையும் பாய்ச்சலையும் ஒப்பிட்டுத்தான் வாங்குவார்கள், தட்டைப் பார்த்து யாரும் வாங்க மாட்டார்கள் என்றும் சொன்னார். விலையைப் பற்றி அவர் சொன்னது உண்மை. மற்றதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவது முறை குத்தும் செலவையும், அதற்குள் கழிந்த மூன்று வாரத்தையும், கட்டிலில் படுத்து என் கையை இறுகப் பற்றியிருந்த ஒரு பெண்ணின் அச்சத்தையும் யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டேன். கூட்டம் அன்று முடிவின்றிக் கலைந்தது. இரண்டு மாதம் கழித்து, அதே மூத்த பொறியாளர்தான் ஃபார்மலின் மூடியைக் கடைசியில் மட்டும் திறக்கும்படி பூட்டும் ஒரு சிறு தாழை வரைந்துகொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

தட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மிகச் சிறிய கட்டியில் ஒரே ஒரு துண்டுதான் கிடைக்கிறது என்றால், அதைப் பிரிப்பதே நோயறிதலைக் கெடுத்துவிடலாம். அப்போது நுண்ணோக்கிக்குத்தான் முதலிடம். சலைனில் இட்ட திசு உடனே ஆய்வகம் போகாவிட்டால் கெட்டுப்போகும். அனுப்ப வண்டி இல்லாத ஊரில் மூன்று குழிகள் இருந்தும் பயனில்லை. எனவே ஊசியைத் தொடும் முன்பே எது வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். அதற்காகத் தட்டின் மூடியில் “தொற்றா? கட்டியா? இரண்டுமா?” என்று அச்சிட்டிருக்கிறோம். மூடியைத் திறக்கும் கை அந்தக் கேள்வியைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.

சித்தியின் இரண்டாவது திசுவில் காசநோய்க் கிருமி இருப்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. 6 மாதம் மருந்து சாப்பிட்டார். நெறி கரைந்துவிட்டது, எடையும் கூடியிருக்கிறது. கழுத்தில் அருகருகே இரண்டு சிறு புள்ளிகள் இருக்கின்றன. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் விரல் சில சமயம் அங்கே போகும்.

தட்டின் ஐந்தாவது மாதிரியை அந்த ஆய்வகப் பணியாளரிடம் கொடுத்திருந்தேன். சென்ற வாரம் அது திரும்பி வந்தது. எடுத்த நேரத்தை எழுதுவதற்காக நான் விட்டிருந்த கட்டத்துக்குள் அவர் பந்துமுனைப் பேனாவால் தேதியையும் மணியையும் எழுதிப் பார்த்திருக்கிறார். எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழிந்து, பக்கத்தில் இருந்த பெயர்க் கட்டத்தின்மேல் ஏறியிருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “கையுறையோட எழுதணும் தம்பி, இன்னும் பெருசா வேணும்” என்று குறிப்பும் எழுதியிருந்தார். இன்று காலை முதல் அந்தக் கட்டத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.